வடித்ததும் அடித்ததும்: ஜூஸ், ஸ்மூதி பற்றி ஓர் எளிய விளக்கம்

கச்சான் காற்று வீசத் தொடங்கிவிட்டால் மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் கூல்பார்களுக்கு ஓய்வே இல்லை. கல்லடி, காத்தான்குடி, கல்முனை, அக்கரைப்பற்று என்று எங்கே போனாலும் பிளெண்டர் சத்தம் கேட்கும். அறுகம்பையில் வெளிநாட்டவர்கள் கேட்டு வாங்குகிற ஸ்மூதியை இப்போது நம் பிள்ளைகளும் பெயர் சொல்லிக் கேட்கிறார்கள்.

கூடவே பேச்சும் நிறைய. ‘பழ ஜூஸ்தானே, எவ்வளவு குடித்தாலும் ஒன்றும் செய்யாது’ என்பார் ஒருவர். ‘ஜூஸ் கூடாது, ஸ்மூதிதான் உடம்புக்கு நல்லது’ என்பார் இன்னொருவர். ‘பிளெண்டரில் போட்டு அடித்தால் சத்தெல்லாம் செத்துப்போகும்’ என்று அதற்கும் ஒரு மறுப்பு வரும். சீனி வருத்தம் என்று தேத்தண்ணிக்குச் சீனி போடுவதை நிறுத்தியவர்கள்கூட, பின்னேரத்தில் ஒரு பெரிய கிளாஸ் அன்னாசி ஜூஸை யோசனையே இல்லாமல் குடிக்கிறார்கள். அவர்கள் மேல் பிழை சொல்ல முடியாது. பழம் நல்லது என்றுதான் எல்லாரும் சொல்லியிருக்கிறோம். பழத்தை என்ன செய்தால் என்ன ஆகும் என்பதை யாரும் விளக்கிச் சொல்வதில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

தேங்காய்ப்பூவிலிருந்து தொடங்குவோம்

தேங்காயைத் துருவி எடுத்த பூவை நாம் இரண்டு விதமாகப் பாவிக்கிறோம். தண்ணீர் விட்டுப் பிழிந்து, வடியில் வடித்துப் பாலை மட்டும் எடுப்பது ஒன்று. சக்கையைக் கோழிக்குப் போடுவோம். மற்றது, செத்தல் மிளகாய், வெங்காயம், உப்பு சேர்த்து இடித்துச் சம்பல் செய்வது. சம்பலில் பூ முழுவதும் உள்ளேதான் இருக்கிறது. நசுங்கியிருக்கும், அரைபட்டிருக்கும், ஆனால் எதையும் வெளியே எறியவில்லை.

ஜூஸ் என்பது பால் பிழிகிற வேலை. பழத்தைப் பிழிந்து, சாற்றை வடித்து, சக்கையை எறிந்துவிடுகிறோம். ஸ்மூதி என்பது சம்பல் இடிக்கிற வேலை. தோல், கொட்டை போன்ற தின்னாத பகுதிகளை நீக்கிவிட்டு, மிச்சப் பழம் முழுவதையும் அப்படியே அடித்துக் குடிக்கிறோம். அதோடு தயிரோ பாலோ சேர்ப்பதும் உண்டு.

இரண்டுக்கும் உள்ள வேறுபாடு சக்கையில்தான் இருக்கிறது. சரி, அந்தச் சக்கையில் அப்படி என்னதான் இருக்கிறது?

பழத்துக்குள் சீனி எங்கே இருக்கிறது

ஒரு தோடம்பழச் சுளையைப் பிரித்து வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். மெல்லிய தோலுக்குள் சின்னச் சின்னப் பைகளாகச் சாறு நிறைந்திருப்பது கண்ணுக்கே தெரியும். அந்தப் பைகளுக்குள்ளும், கண்ணுக்குத் தெரியாத அளவில், கோடிக்கணக்கான உயிரணுக்கள். பழத்தின் இனிப்பு முழுவதும் அந்த உயிரணுக்களின் சுவருக்குள்ளே அடைபட்டிருக்கிறது. அந்தச் சுவர்கள் எதனால் ஆனவையோ, அதைத்தான் நார்ச்சத்து என்கிறோம்: நம் குடலால் செரிக்க முடியாத, தாவரங்களில் மட்டும் உள்ள மாச்சத்து வகை.

நார்ச்சத்தில் இரண்டு வகை உண்டு. ஒன்று தண்ணீரில் கரைந்து கொழகொழவென்று ஆவது. பழங்களில் இதில் முக்கியமானது பெக்டின். ஜாம் இறுகுவது இதனால்தான். மற்றது கரையாத நார். அது வயிற்றில் இடத்தை நிரப்பும், மலத்தை இளக்கி வெளியேற்ற உதவும். நல்ல பழத்தில் இரண்டும் கலந்தே இருக்கும்.

பழத்தைப் பிழிந்து வடிக்கும்போது சுவர்கள் உடைந்து சீனி தண்ணீரோடு வெளியே வந்துவிடுகிறது. சுவர் சக்கையாக வடியில் தங்கிவிடுகிறது. இப்படி அடைப்பிலிருந்து வெளியே வந்துவிட்ட சீனியை ‘விடுபட்ட சீனி’ என்று வைத்துக்கொள்வோம். நாம் கரண்டியால் அள்ளிப் போடுகிற சீனி, தேன், பாணி, பழச்சாற்றில் உள்ள சீனி எல்லாவற்றையும் உலக சுகாதார நிறுவனம் இந்த ஒரே கணக்கில்தான் சேர்க்கிறது. 2015 இல் அந்த நிறுவனம் வெளியிட்ட வழிகாட்டலின்படி, ஒரு நாளில் நமக்குக் கிடைக்கும் மொத்தச் சக்தியில் விடுபட்ட சீனியின் பங்கு 10 சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும். 5 சதவீதத்துக்குக் கீழே, அதாவது ஏறத்தாழ 25 கிராம், 6 தேக்கரண்டி அளவுக்குக் கொண்டுவந்தால் இன்னும் நல்லது. முழுப் பழத்தில் உள்ள சீனி இந்தக் கணக்கில் வராது. பலருக்கு ஆச்சரியமாக இருக்கும் இடம் இதுதான்: அதே தோடம்பழம், அதே சீனி, கடித்துத் தின்றால் கணக்கில் இல்லை, பிழிந்து குடித்தால் கணக்கில் வருகிறது.

சுருக்கமாகச் சொன்னால், ஜூஸில் சீனி இருக்கிறது, வைட்டமின்களில் பெரும்பகுதியும் இருக்கிறது, நார்தான் இல்லை. ஸ்மூதியில் நாரும் உள்ளே இருக்கிறது, ஆனால் உடைபட்ட நிலையில்.

வயிற்றுக்குள் நடப்பது

நார் இல்லாத இனிப்புத் தண்ணீர் வயிற்றில் அதிக நேரம் நிற்காது. சீக்கிரமே சிறுகுடலுக்கு இறங்கிவிடும். அங்கே சீனி உறிஞ்சப்பட்டு இரத்தத்தில் சேர்கிறது. இரத்தத்தில் சீனி கூடியதும் கணையம் இன்சுலினைச் சுரக்கிறது. இன்சுலின் என்பது இரத்தத்தில் உள்ள சீனியை உடம்பின் தசைகளுக்கும் ஈரலுக்கும் உள்ளே அனுப்புகிற சுரப்பு. சீனி ஒரேயடியாக வந்து குவிந்தால் இன்சுலினும் ஒரேயடியாகச் சுரக்கும். கொஞ்ச நேரத்தில் இரத்தச் சீனி தேவைக்கு மேல் இறங்கிவிடவும் கூடும். ஜூஸ் குடித்து அதிக நேரம் ஆகுமுன்பே மறுபடி பசிப்பதற்கு இது ஒரு காரணம்.

இதை அழகாகக் காட்டிய ஒரு பரிசோதனை 1977 இல் ‘லான்செட்’ மருத்துவ இதழில் வந்தது. பத்துப் பேருக்கு அப்பிளை மூன்று விதமாகக் கொடுத்தார்கள்: முழுப் பழமாக, அரைத்த கூழாக, நார் நீக்கிய சாறாக. மாச்சத்தின் அளவு மூன்றிலும் ஒன்றுதான். சாற்றை முழுப் பழத்தை விட 11 மடங்கு வேகமாகக் குடித்து முடிக்க முடிந்தது. கூழை விட 4 மடங்கு வேகமாக. பிறகு மூன்றையும் ஒரே வேகத்தில் உட்கொள்ள வைத்துப் பார்த்தார்கள். அப்போதும் சாறு வயிறு நிறைந்த உணர்வைக் குறைவாகவே தந்தது. கூழ் அதைவிடப் பரவாயில்லை. முழுப் பழம்தான் முதலிடம். இரத்தச் சீனி ஏறிய உயரம் மூன்றிலும் ஏறத்தாழ ஒன்றாகவே இருந்தது. ஆனால் சாற்றுக்குப் பிறகு அது சடாரென்று கீழே விழுந்தது, கூழுக்குப் பிறகு கொஞ்சம் விழுந்தது, முழுப் பழத்துக்குப் பிறகு விழவில்லை.

பழம் என்றால் எல்லாம் ஒன்றுதான் என்று சொல்கிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது இந்தப் பரிசோதனையைத்தான். முழுப் பழம், கூழ், சாறு என்ற அந்த வரிசையை மனதில் வைத்துக்கொண்டால் மற்றதெல்லாம் தானாக விளங்கும். ஸ்மூதி நடுவில் நிற்கிறது. ஜூஸை விட மேல், பழத்தை விடக் கீழ்.

அடித்தால் நார் செத்துப்போகுமா?

போகாது. பிளெண்டர் கத்தி நாரைச் சின்னச் சின்னத் துண்டுகளாக்கும், அவ்வளவுதான். பெக்டினும் அங்கேயே இருக்கும், கரையாத நாரும் அங்கேயே இருக்கும். 100 கிராம் கொய்யாப்பழத்தில் 5 கிராமுக்குக் கொஞ்சம் கூடுதலான நார் இருக்கிறது. அடித்த பிறகும் அந்த 5 கிராம் கிளாசுக்குள்தான் இருக்கும். வடியில் ஊற்றினால்தான் போய்விடும். வயது வந்தவர்களுக்கு ஒரு நாளைக்குக் குறைந்தது 25 கிராம் நார் வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் 2023 ஆம் ஆண்டு வழிகாட்டல். அதை வைத்துப் பார்த்தால் 5 கிராம் என்பது சின்ன அளவு இல்லை.

இன்னொரு சுவையான விஷயமும் உண்டு. இங்கிலாந்தின் பிளிமத் பல்கலைக்கழகத்தில் சிறிய அளவில் சில ஆய்வுகள் செய்தார்கள். மாம்பழத்தை முழுதாகத் தின்றாலும் அடித்துக் குடித்தாலும் இரத்தச் சீனியில் பெரிய வேறுபாடு தெரியவில்லை. விதையுள்ள பழங்களைச் சேர்த்து அடித்தபோது முழுதாகத் தின்றதை விடக் குறைவாகவே ஏறியது. விதைகள் உடையும்போது அவற்றுக்குள் இருக்கும் நாரும் மற்றச் சத்துகளும் வெளியே வருவது காரணமாக இருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதினார்கள். கொஞ்சப் பேரை வைத்துச் செய்த ஆய்வுகள் என்பதால் இதை மட்டும் பிடித்துக்கொண்டு ஸ்மூதியை மருந்தாக்கிவிடக் கூடாது. ஆனாலும் ‘அடித்தால் கெட்டுவிடும்’ என்கிற பேச்சுக்கு இது நல்ல பதில்.

வைட்டமின் சி பற்றியும் ஒரு வார்த்தை. காற்றுப் படப்பட அது குறையும். அடித்தவுடன் குடித்தால் இழப்பு கொஞ்சம்தான். காலையில் அடித்து ஃபிரிட்ஜில் வைத்து இரவில் குடிப்பதில் அர்த்தம் குறைவு.

அப்படியானால் ஸ்மூதியில் கவனிக்க எதுவும் இல்லையா? இருக்கிறது. வாயில் மெல்லுகிற வேலை இல்லை என்பதால் அளவு தெரியாமல் உள்ளே போய்விடும். ஒரு மாம்பழம், இரண்டு வாழைப்பழம், ஒரு துண்டு அன்னாசி என்று தட்டில் வைத்தால் பாதியிலேயே போதும் என்று எழும்பிவிடுவோம். அதே அளவைக் கிளாசில் ஊற்றிக் கொடுத்தால் ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும். இங்கிலாந்தின் சுகாதார சேவை இதனால்தான் ஸ்மூதியையும் ஜூஸோடு சேர்த்தே கணக்கிட்டு, இரண்டும் சேர்ந்து ஒரு நாளைக்கு 150 மில்லிலீற்றருக்கு மேல் வேண்டாம் என்கிறது. நம் கடைக் கிளாசில் அது ஏறத்தாழ அரைவாசி.

நம் கடைக் கிளாசுக்குள்

இதுவரை சொன்னது ஜூஸும் ஸ்மூதியும் இருக்க வேண்டிய விதம். நம் ஊர்க் கடையில் கிடைப்பது வேறு. நாம் பப்பாசி ஜூஸ், மாம்பழ ஜூஸ் என்று வாங்குவது பெரும்பாலும் வடிக்காதது. அதாவது, பாதி ஸ்மூதி. அந்தளவுக்கு அது நல்லதுதான். சிக்கல் கூடவே விழுகிற சீனியில் இருக்கிறது.

பிளெண்டர் போத்தலுக்குள் விழுவதைக் கடையில் ஒரு தடவை நின்று கவனியுங்கள். நாலைந்து துண்டுப் பப்பாசி. தண்ணீர். ஐஸ். அதற்குப் பிறகு பெரிய கரண்டியால் சீனி, ஒன்று, இரண்டு, சில நேரம் மூன்று. மில்க்ஷேக் என்றால் டின்பால் வேறு. ஐஸ் போட்ட பானத்தில் நாக்கு மரத்துப்போய் இனிப்பு குறைவாகவே தெரியும் என்பதால், கடைக்காரர் கை கொஞ்சம் தாராளமாகவே போகும்.

வத்தகப்பழத்தை எடுத்துக்கொள்வோம். அதில் 90 சதவீதத்துக்கு மேல் தண்ணீர்தான். 100 கிராமில் சீனி 6 கிராம் அளவு, நார் அரைக் கிராமுக்கும் குறைவு. வெறும் பழத்தை மட்டும் அடித்த 250 மில்லிலீற்றர் கிளாசில் ஏறத்தாழ 15 கிராம் சீனி இருக்கும். மேசைக்கரண்டியால் இரண்டு கரண்டி சீனி போட்டால் அதோடு இன்னும் 24 கிராம். மொத்தம் 40 கிராமுக்குக் கிட்ட. மேலே சொன்ன 25 கிராம் அளவை, போட்ட சீனி மட்டுமே ஏறக்குறையத் தொட்டுவிட்டது. இலங்கையில் 2016 இலிருந்து போத்தல் பானங்களில் சீனியின் அளவைக் காட்டச் சிவப்பு, செம்மஞ்சள், பச்சை அடையாளம் போட வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. சிவப்பைப் பார்த்ததும் கையை எடுத்துக்கொள்கிறோம். கூல்பார் கிளாசில் எந்த அடையாளமும் இல்லாததால் பழம் என்ற நம்பிக்கையில் குடித்துவிடுகிறோம்.

‘அண்ணன், சீனி போடாமல் அடிங்க’ என்று சொன்னால் போதும். பெரும்பாலான கடைகளில் முகம் சுளிக்காமல் செய்து தருவார்கள். நல்ல பழுத்த பழமென்றால் சீனியே தேவைப்படாது.

சீனி வருத்தமும் ஜூஸும்

நீரிழிவு உள்ளவர்களுக்கு இரத்தச் சீனி திடீரென்று இறங்கி, வியர்த்து, கை நடுங்கி, தலை சுற்றும்போது டொக்டர்கள் என்ன கொடுக்கச் சொல்கிறார்கள்? அரை கிளாஸ் பழ ஜூஸ், அல்லது சீனித் தண்ணீர். 15 கிராம் அளவு சீனி கொடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடி சோதித்துப் பார்க்கச் சொல்வார்கள். ஏன் ஜூஸ்? வேகமாக இரத்தத்தில் சேர்வதால். அந்த நேரத்தில் தயிரும் வாழைப்பழமும் போட்டு அடித்த கெட்டியான ஸ்மூதியைக் கொடுத்தால் அதில் உள்ள நாரும் கொழுப்பும் புரதமும் சீனியைத் தாமதப்படுத்திவிடும்.

இறங்கிய சீனியை ஏற்றுவதற்காகக் கொடுக்கிற அதே பொருளை, சீனி கூடியிருக்கும் ஒருவர் பொழுதுபோக்காகக் குடித்தால் என்ன ஆகும் என்பது இப்போது சொல்லாமலே விளங்கும்.

2013 இல் ஹார்வர்ட் ஆய்வாளர்கள் ‘பிரிட்டிஷ் மெடிக்கல் ஜேர்னல்’ இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். அமெரிக்காவில் 1 இலட்சத்து 87 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்து சேர்த்த தகவல் அது. முழுப் பழம், குறிப்பாகப் புளூபெரி, திராட்சை, அப்பிள் கூடுதலாகத் தின்றவர்களுக்கு நீரிழிவு வருவது குறைவாக இருந்தது. பழ ஜூஸ் கூடுதலாகக் குடித்தவர்களுக்குக் கூடுதலாக இருந்தது. இப்படிப் பின்தொடரும் ஆய்வுகள் தொடர்பைக் காட்டுமே தவிர, ஜூஸ்தான் காரணம் என்று நிரூபித்துவிடாது. ஆனாலும் வயிற்றில் நடப்பதாக மேலே பார்த்ததோடு இது பொருந்தி வருகிறது.

சீனி வருத்தம் உள்ளவர் பழத்தையே தொடக்கூடாது என்று சில வீடுகளில் ஒதுக்கி வைக்கிறார்கள். அது எனக்கு மிகவும் வருத்தம் தருகிற விஷயம். அளவான ஒரு துண்டு பப்பாசி, ஒரு சின்னக் கொய்யா, கடித்துத் தின்றால் பெரும்பாலானவர்களுக்குத் தாங்கும். எவ்வளவு என்பதைக் கிளினிக்கில் கேட்டுக்கொள்ளலாம்.

ஜூஸுக்கும் இடம் உண்டு

ஜூஸை முழுதாக ஒதுக்கவும் தேவையில்லை. தேசிக்காய் ஒரு நல்ல உதாரணம். கீரை, பருப்பு, பயறு போன்றவற்றில் உள்ள இரும்புச்சத்தை நம் உடம்பு லேசில் உறிஞ்சாது. கூடவே வைட்டமின் சி இருந்தால் உறிஞ்சும். இரத்தச்சோகை உள்ள பெண்பிள்ளைகளுக்கு மத்தியானச் சோற்றோடு சீனி போடாத தேசிக்காய்த் தண்ணீர் கொடுப்பது நல்ல பழக்கம். சாப்பிட்ட கையோடு தேத்தண்ணி குடிப்பது இதற்கு நேர்மாறாக வேலை செய்யும். தேயிலையில் உள்ள சத்து இரும்பைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அதற்கு ஒரு மணித்தியாலமாவது கழியட்டும்.

உடம்பைச் சுத்தம் செய்ய மூன்று நாள் ஜூஸ் மட்டும் குடிக்கச் சொல்லி வருகிற வீடியோக்களை நம்ப வேண்டாம். சுத்தம் செய்கிற வேலையை ஈரலும் சிறுநீரகமும் எந்நேரமும் செய்துகொண்டுதான் இருக்கின்றன.

வீட்டில் அடிக்கும்போது

நல்ல ஸ்மூதிக்கு நம் ஊரில் பஞ்சமே இல்லை. என் கணக்கில் எருமைத்தயிர்தான் இதில் ராஜா. நாலு மேசைக்கரண்டி தயிர், ஒரு கை அளவு பப்பாசித் துண்டு, அரை வாழைப்பழம், வறுத்த கச்சான் கொஞ்சம், தண்ணீர். சீனியும் தேனும் வேண்டாம். தயிரில் புரதமும் கொழுப்பும் இருப்பதால் பசி தாங்கும். ஆனால் இதைச் சாப்பாட்டுக்கு மேலதிகமாகக் குடிக்காமல், காலைச் சாப்பாட்டுக்குப் பதிலாகவோ அதைக் குறைத்துக்கொண்டோ குடிக்க வேண்டும். இடியப்பமும் தின்று இதையும் குடித்தால் எடை கூடத்தான் செய்யும். குடித்தபின் வாயைத் தண்ணீரால் கொப்பளியுங்கள். பழத்தின் புளிப்பும் சீனியும் பல்லில் தங்கக்கூடாது.

பல் விழுந்து மெல்ல முடியாத பெரியவர்களுக்கும், நோயில் கிடந்து எழும்பி உடம்பு தேற வேண்டியவர்களுக்கும் ஸ்மூதி உண்மையிலேயே கைகொடுக்கும். அவர்களுக்கு இன்னும் கொஞ்சம் தயிர், இன்னும் கொஞ்சம் கச்சான் சேர்க்கலாம். கச்சானை நன்றாக மாவாகும் வரை அடிக்க வேண்டும். பிள்ளைகள் விஷயத்தில் கவனம் வேண்டும். ஒரு வயதுக்குள் ஜூஸே வேண்டாம் என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர்களின் சங்கம் 2017 இல் சொன்னது. ஒன்று முதல் மூன்று வயது வரை ஒரு நாளைக்கு 120 மில்லிலீற்றர்தான் உச்ச அளவு. பால் போத்தலில் ஊற்றிக் கொடுப்பது பல்லுக்குக் கூடவே கூடாது.

சிறுநீரக நோய் உள்ளவர்கள் மட்டும் மேலே சொன்ன எதையும் தாங்களாகத் தொடங்க வேண்டாம். வாழைப்பழம், இளநீர், தோடம்பழம் எல்லாவற்றிலும் பொட்டாசியம் இருக்கிறது. பழுதான சிறுநீரகத்தால் அதை வெளியேற்ற முடியாமல் போகலாம், இதயத்துடிப்பு தாறுமாறாகலாம். வெட்டினால் நட்சத்திர வடிவில் வருகிற காமரங்காய் அவர்களுக்கு இன்னும் ஆபத்து. அதில் ஒக்சலேட் என்ற பொருளும், நரம்பைத் தாக்குகிற ஒரு நச்சும் உண்டு. நல்ல சிறுநீரகம் உள்ளவர்களும் வெறும் வயிற்றில் பல காய்களைப் பிழிந்து குடித்துச் சிறுநீரகம் பழுதான சம்பவங்கள் இலங்கையிலேயே மருத்துவர்களால் பதியப்பட்டுள்ளன. ஒரு காயைக் கடித்துத் தின்றால் அதற்கு மேல் யாருக்கும் தின்ன வராது. பிழிந்தால் ஆறேழு காய் ஒரே கிளாசில் அடங்கிவிடும்.